செல்லத்தாயக்கா தள்ளிவிட்ட கார்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பதினொன்றரை ஆகிவிட்டது, தெரியும்.

செல்லத்தாயக்கா போய்விட்டாள்… இன்று சாயங்காலம். தென்காசியில், நாங்கள் முன்பு இருந்த அதே தெருவில்.

கொழுந்தன் மகன் வீட்டில்தான் இருந்தாள். காத்திருக்கப் பிள்ளைகள் யாரும் இல்லை. அதனால் காலை ஏழு மணிக்கே எடுத்துவிடுகிறார்களாம். சேதி சொன்ன அந்தத் தம்பியின் போன் இப்போது ஸ்விட்ச் ஆஃப். எட்டு மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தென்காசிக்காரர்கள் யாராவது முழித்திருந்தால் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து, அறுபத்தாறு இருக்கும். எனக்கு இருபத்திமூன்று வயது. காலேஜ் முடித்த கையோடு கல்யாணம், கையில் மகன் சங்கரன். எதற்கெடுத்தாலும் பயம். பிள்ளை தும்மினால் பயம், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பயம்.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வாத்தியார். அவருக்குக் கார் ஆசை. செங்கோட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் கறுப்பு பிளஷர் ஒன்று வாங்கிவந்தார். நாலாவது கை. மைல் மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது என்று விற்றவரே சிரித்துக்கொண்டு சொன்னாராம்.

வந்த வாரமே, முன்னால் சொருகிச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் திருப்பி உதைத்து இவர் மணிக்கட்டு பிசகிவிட்டது. அதன்பின் ஹேண்டில் போடவே முடியவில்லை. பேட்டரியோ, சாரல் பிடித்தால் செத்துவிடும்.

தெருவிலேயே செல்லத்தாயக்கா வீட்டு வாசலில் மட்டும்தான் சரிவு. இரவு அங்கே நிறுத்திவிட்டால் காலையில் பிரேக்கை விட்டதும் உருளும், கியரில் போட்டால் கிளம்பிவிடும். மூன்று வீடு தள்ளி எங்கள் வீடு.

அக்கா ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. ஆனால் வாயும் சும்மா இருக்காது.

"ஏட்டி, ஒங்க வண்டி எங் கோலத்துல மூத்திரம் பேஞ்சி வச்சிருக்கு, வந்து பாரு."

ஆயில் ஒழுகியிருக்கும். நான் துணியோடு ஓடுவேன். அதற்குள் அவளே சாம்பலைப் போட்டுத் துடைத்திருப்பாள்.

"பிளஷர் வாங்குன வாத்தியாரு ரெண்டு காளையும் சேத்து வாங்கியிருக்கலாம்லா."

இவரும் சிரிப்பார். குற்றாலச் சீசன் நேரத்தில் ஸ்பார்க் பிளக்கெல்லாம் ஈரமாகிவிடும். கழற்றி அவளிடம்தான் கொடுப்பார். அடுப்போரம் நாலையும் வரிசையாக வைத்துச் சூடாக்கி, முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து தருவாள்.

"சூடு ஆறுததுக்குள்ள மாட்டுங்க தம்பி. என் அப்பளத்தக் கூட நான் இம்புட்டு பதமாச் சுட்டதில்ல."

அப்புறம் சங்கரன் தவழ ஆரம்பித்தான். பிரேக் பிடிக்காமல் கார் உருண்டு பிள்ளைமேல் ஏறிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறது என்று இவர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. அழுது, சண்டை போட்டு, காரை எங்கள் வாசல் சமதளத்துக்குக் கொண்டுவர வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சங்கரனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே போய்விட்டது… கை கால் எல்லாம் விறைத்து…

மதுரைக் குழந்தை டாக்டர் ஒருவர் குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்கியிருந்தார். அவரிடம் போயாக வேண்டும். ஜட்கா வண்டி எல்லாம் அருவிச் சவாரிக்குப் போயிருந்தன. தெருவில் இவரைத் தவிர ஆம்பிளை ஒருவர் இல்லை. சாரல் விடவில்லை. கார் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

அக்கா ஓடிவந்தாள்.

"அழுதுட்டு நிக்காதட்டி. பிள்ளையத் தூக்கிட்டு உள்ள ஏறு. நான் தள்ளுதேன்."

இவர் கதவுப் பக்கம் நின்று ஒரு கையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். பின்னால் அவள் ஒருத்திதான். சகதி. மூன்று வீடு தூரம். பின்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

சரிவு வந்ததும் இவர் ஏறிக் கியரைப் போட்டார். கார் கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் நடுத்தெருவில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் ஊசி போட்டார். சங்கரன் பிழைத்தான்.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். அக்காவை வெளியே காணோம். போய்ப் பார்த்தால் பாயில் படுத்திருந்தாள். அவள் மாமியார்தான் வாசலில் வைத்துச் சொன்னார்.

"எட்டு வருசங் கழிச்சு தங்குச்சு தாயி. மூணு மாசம் முடியட்டும், அதுக்கு முன்ன யாருட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். நிக்கல."

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "அத்தே, சும்மா இருங்க." பிறகு என்னிடம், "பிள்ளைக்கு எப்படிட்டி இருக்கு? பால் குடிக்கானா?"

காரைத் தள்ளியதாலா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

பாயிலிருந்து எழுந்ததும் இவரைக் கூப்பிட்டு, "வண்டிய எங்க வாசல்லயே போடுங்க தம்பி" என்றாள். அடுத்த சீசனுக்கும் பிளக்கைக் கேட்டு வாங்கிச் சூடாக்கித் தந்தாள்.

அவளுக்கு அதன்பின் தங்கவே இல்லை.

சங்கரனிடம் இதை இன்று சாயங்காலம்தான் சொன்னேன். அறுபது வயது அவனுக்கு. கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

போய் வா அக்கா… வேறென்ன சொல்ல.

ரயில் எட்டரைக்குத்தான் தென்காசி வரும். யாராவது அந்த வீட்டுக்குப் போய், சங்கரன் வருகிறான், வாய்க்கரிசி அவன் போடட்டும், அதுவரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டு அடையாளம் இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.

முழித்துத்தான் இருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.