முட்டி மடங்காத தோப்புக்கரணம்

பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடுகிற உங்களிடம் என் மானம் போன கதையை ஒளிக்காமல் சொல்கிறேன். போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவி செல்லம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தூக்கப் போன நான் பாதி தூக்கி, மறுபடியும் தரையிலேயே போட்டுவிட்டேன்.

"அய்யோ, நீங்க தொடண்டாம்! பக்கத்து வீட்டு ராஜன் சேட்டனைக் கூப்பிடுங்க!" என்று கதறினாள்.

தூ! நான் யார் தெரியுமா? கல்லூரியில் பளு தூக்கி மெடல் வாங்கியவன். பதினாறு வருஷமாகக் கம்பியைத் தொடாமல், அந்தப் போட்டோவைக் கூடத்தில் மாட்டி, வருகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தவன். என்னைவிட ஏழு வயது மூத்த ராஜன் சேட்டன் லுங்கியை மடித்துக் கட்டி அவளைத் தூக்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல லட்சணம்!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். காலை ஊன்றக் கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும் தினமும் ராஜன் சேட்டன்தான் வந்தார். என்னை அவள் கிட்டவே விடவில்லை.

பொறுக்காமல் தம்பானூர் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிப் படம் பிடிக்கிற கூட்டம் அங்கே. அவர்களைவிடக் கேவலம் நான். பயிற்சி கொடுக்கிற ஷீபா வெறும் கம்பியை நீட்டினாள். "இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று எண்பது கிலோ ஏற்றித் தோளில் வைத்து, முட்டியை லேசாக ஆட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"சாரே, முட்டு மடங்கியில்லல்லோ!" என்றாள்.

வீம்புக்கு முழுதாக உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. இரண்டு பேர் வந்து கம்பியை எடுத்தார்கள்.

இடுப்பைப் பிடித்தபடி பழவங்காடிக்குப் போனேன். தேங்காய் உடைத்தேன். "அப்பனே, அவளைத் தூக்குகிற பலத்தை மட்டும் கொடு" என்று அழுதேன். பிறகு வழக்கம்போலத் தோப்புக்கரணம் போட்டேன். பஸ் பிடிக்க ஓடுகிற ஆபீஸ்காரன் போடுவது தெரியுமே: காதில் கை, முட்டியில் ஒரு சின்ன ஆட்டம், அவ்வளவுதான். அப்போதுதான் உறைத்தது. முட்டி மடங்கவே இல்லை! பதினாறு வருஷமாகப் பிள்ளையாரையே ஏய்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முழுதாக உட்கார்ந்து எழுந்தேன். ஐந்துக்கு மேல் முடியவில்லை. அந்த ஐந்துதான் அவர் தந்த பதில்.

மறுநாள், "வெறும் கம்பியே கொடும்மா" என்றேன். தினமும் கோயிலில் முழுத் தோப்புக்கரணம், அப்புறம் ஜிம். ஷீபா சொன்னபோது மட்டும் எடையைக் கூட்டினேன். போட்டோவைக் கழற்றிப் பரணில் எறிந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் ராஜன் சேட்டன் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கொல்லம் போய்விட்டார். வேறு வழியில்லாமல் செல்லம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, அவளை அணைத்துத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். இந்தத் தடவை கீழே போடவில்லை. கண் நிறைந்தது.

அடுத்த நாள் ராஜன் சேட்டன் வாசலில் வந்து நின்றார். செல்லம் என் பக்கம் கையை நீட்டினாள்.

"வேண்டாம் சேட்டா, இவுக தூக்குவாக" என்றாள்.

கோயிலில் உங்களையும் பார்க்கிறேன். முட்டியை ஆட்டிவிட்டு வரம் கேட்கிறீர்கள். நானும் அந்த ஜாதிதான், அதனால் சொல்கிறேன். நம்பி, முழுதாக உட்காருங்கள். எழுப்பிவிடுவது அவர் பொறுப்பு.