ஈர்க்குப் போத்தல்

குருநகரில் ஸ்ரெல்லாவை அடக்கம் செய்த அன்று, ஆய்வுகூடம் அனுப்பிய மலர்வளையத்தில் ‘கீழ்ப்படிவுள்ள ஊழியர்’ என்று எழுதியிருந்தது. பச்சைப் பொய். இருபத்திரண்டு வருடம் அந்தத் தனியார் ஆய்வுகூடத்தில் நோயாளரின் இரத்தத்திலும் சீழிலும் கிருமி வளர்த்துப் பெயர் சொன்னவர் அவர். கிருமி என்ன சொல்கிறதோ அதற்கு மட்டுந்தான் கீழ்ப்படிந்தார்.

அவருடைய மேசையில் எப்போதும் ஒரு போத்தல் நிறைய ஈர்க்குத் துண்டுகள் இருக்கும். வீட்டுத் தென்னோலையில் கிழித்து, விரல் நீளத்துக்கு வெட்டி, கிருமி போக ஆவியில் அவித்து வைப்பார். சில கிருமிகளிடம் மூச்சுவிட உதவும் ஒருவகை இரும்புப் புரதம் உண்டு. சிலவற்றிடம் அது இல்லை. மருந்து தோய்த்த தாளில் கிருமியைப் பூசினால், உள்ளது பத்து விநாடிக்குள் ஊதாவாகும். இல்லாதது நிறம் மாறாது. இரும்புக் கம்பியால் பூசினாலோ, கம்பியே தாளை ஊதாவாக்கிவிடும். அதனால்தான் ஈர்க்கு.

புதிய பொறுப்பாளராக வந்த பிரகலாதன் போத்தலைக் கண்டு சிரித்தான்.

“என்னக்கா, குருத்தோலை ஞாயிறு முடிஞ்சுதல்லோ? இன்னும் ஓலை கிழிக்கிறியளோ?”

“இது கம்பியாலை செய்யிற வேலையில்லை, சேர்.”

“விளக்குமாத்தாலை செய்யிற வேலையோ?”

போத்தல் குப்பைக்குப் போனது.

அடுத்த கிழமை புத்தூர்த் தோட்டக்காரர் நடராசாவின் இரத்தம் வந்தது. மண்வெட்டி பட்ட கால் வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். ஸ்ரெல்லா விடுமுறையில் இருந்தார். பிரகலாதன் கம்பியால் பூசினான், தாள் ஊதாவானது. அதை நம்பித் தவறான கிருமியின் பெயரை எழுதி அனுப்பினான். அந்தப் பெயருக்கான மருந்து ஏறியது.

மூன்றாம் நாள் வந்த ஸ்ரெல்லா, கைப்பையில் உறையோடு வைத்திருந்த ஈர்க்கினால் அதே கிருமியைப் பூசிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. யாரையும் கேளாமல் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். மருந்தை மாற்றினார்கள். மறுநாள் நடராசா செத்துப்போனார்.

நடராசாவின் வீட்டார் கேள்வி கேட்டபோது, பிரகலாதன் ஒரு கடிதம் தட்டச்சு செய்து ஸ்ரெல்லாவின் முன் வைத்தான். அசுத்தமான ஈர்க்குகளைத் தான் பாவித்ததால் பரிசோதனை பிழைத்தது என்று அவர் ஒப்புக்கொள்ளும் கடிதம்.

“ஒரு கையெழுத்துத்தானேயக்கா. வேலை போகாமல் நான் பாக்கிறன்.”

வெளியே மர வாங்கில் நடராசாவின் மகள் உதயகலா உட்கார்ந்திருந்தாள். ஸ்ரெல்லா அவளை உள்ளே கூப்பிட்டார். பிரகலாதனின் கம்பியை எடுத்துச் சுடரில் சிவக்கக் காய்ச்சினார். ஆறவிட்டார். எந்தக் கிருமியையும் தொடாமல், மருந்து தோய்த்த தாளில் அதைத் தேய்த்தார். பத்து எண்ணுமுன் தாள் ஊதாவானது.

“இதிலை எந்தக் கிருமி மூச்சு விடுது, தம்பி?”

அதுவரை ‘சேர்’ என்றே அழைத்த வாய்.

கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் அந்தத் தாளை ஒட்டி, கடிதத்தை உதயகலாவிடம் கொடுத்தார்.

“கொண்டு போ, பிள்ளை. கேக்கிற இடத்திலை நான் வந்து சொல்லுறன்.”

அன்றே அவரை வேலையால் நிறுத்தினார்கள். ஸ்ரெல்லாவின் அடக்கத்தன்று ஆய்வுகூடத்தின் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய், அவரைப் புதைத்த சேமக்காலையின் வாசலுக்கு வெளியே வைத்தவள் உதயகலா.