வான்கோழி சீசனுக்கு நான் எழுதிய ரிஸ்க் பாரம்

நடந்தது, வரிசைப்படி:

1. பேராக் மாநிலத்தில் லகாட் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை, அதாவது ரப்பரை, அழித்து எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் குருத்தோடு தின்றன.
2. மேனேஜர் ஒரு கிராஸ்போ வாங்கி வந்தார். துப்பாக்கிக் கட்டையில் வில்லைக் குறுக்கே பூட்டிய கருவி அது.
3. அதை, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகம் அண்ணனிடம் கொடுத்தார்.
4. பாதுகாப்பு அதிகாரியான நான் அதற்கு ரிஸ்க் பாரம், அதாவது ஆபத்தைக் கணிக்கும் படிவம், எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
5. அண்ணன் பிடிபட்டார். லைசன்ஸ் கேட்டபோது அவர் நீட்டியது என் பாரத்தை.

நான்காவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் இதே பாரத்தைத்தான் நிரப்பப் போகிறார்கள்.

பாரம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ஸ்டோரில் இருந்த ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்: புல்வெட்டும் மெஷின், மருந்து பம்பு, குலை வெட்டும் அரிவாள் கம்பு. என்ன ஆபத்து, யாருக்கு, எவ்வளவு, எப்படித் தடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்; அடியில், வாங்கியவர் யார், எப்போது யாரிடம் கொடுத்தது என்று எழுத ஒரு சின்னக் கட்டம். மேல்தட்டில் கிராஸ்போ இருந்தது. அதற்குப் பாரம் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. அது அங்கே ஏன் இருக்கிறது என்பது உறுத்தவில்லை.

"சார், இதுக்கு பெர்மிட் இருக்கா?"

"எல்லாம் இருக்கு லா. சட்டத்தையே பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்," என்று மேனேஜர் மூன்று தாள்களைக் கொடுத்தார்.

கிராஸ்போ வேட்டைக்கான மாநில விதிகள் என்று தலைப்பு. இழுவிசை இத்தனை பவுண்டுக்குக் குறையக்கூடாது, அம்பு முனை இத்தனை அகலம், வண்டியில் அம்பு பூட்டி வைக்கக்கூடாது, ஆரஞ்சு வெஸ்ட் கட்டாயம். எல்லாம் எண் போட்டுச் சுத்தமாக இருந்தது. எந்த மாநிலம் என்று நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு விதியையும் 'எப்படித் தடுப்பது' கட்டத்தில் ஏற்றினேன். சாலை வேலைக்கு வைத்திருந்த வெஸ்டில் ஒன்றை எடுத்து ஆறுமுகம் அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் உடனே வாங்கவில்லை. "மிஸ், இத தூக்கிட்டு நான் போலாமா? பின்னால ஒன்னும் வராதுல்ல?"

"பாரத்துல எல்லாம் இருக்கு அண்ணே. வெஸ்ட மட்டும் மறக்காம போட்டுக்குங்க."

போகலாமா என்று கேட்டவருக்கு எப்படிப் போவது என்று பதில் சொன்னேன்.

வெஸ்ட்

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தோட்டத்து எல்லை ரோட்டில் வனவிலங்கு அதிகாரிகள் அவரைப் பிடித்தார்கள். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆரஞ்சு வெஸ்ட் ரோட்டிலிருந்தே தெரிந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூத்த அதிகாரி மலாயில் பொறுமையாகக் கேட்டார். லைசன்ஸ் யார் பெயரில்? எந்த மிருகத்துக்கு? எதைக் கொண்டு வேட்டையாட? மூன்றுக்கும், அண்ணன் ஏற்கெனவே நீட்டியிருந்த என் பாரத்தையே காட்டினேன். அவர் அதையும் அதில் குத்தியிருந்த தாள்களையும் புரட்டினார்.

"மிஸ், இதில் வான்கோழி சீசன் என்று போட்டிருக்கிறது. பேராக்கில் வான்கோழி சீசன் எப்போது?"

அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்து விதிகள். வெள்ளைவால் மானுக்குத் தனிப் பத்தியே இருந்தது. நம் ஊரில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை, தீபகற்பம் முழுவதற்கும் ஒரே சட்டம்தான் என்றார் அதிகாரி. காட்டுப்பன்றி என்றாலும் லைசன்ஸ் இல்லாமல் வேட்டை கிடையாது. கிராஸ்போவை வைத்திருந்ததைப் பற்றிப் போலீஸ் தனியாகக் கேட்கும். பாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, வாக்குமூலம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

ஆறுமுகம் அண்ணன் வெஸ்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார். "கேஸ் ஆச்சுன்னா வேலையும் போச்சு, தோட்டத்துல குடுத்த கோட்டர்ஸ் வீடும் போச்சு. நீங்க சைன் வெச்சிருக்கீங்களேன்னுதான் போனேன் மிஸ்."

கிழி

மறுநாள் மேனேஜர் அறைக் கதவைச் சாத்தினார்.

"நான் எப்பம்மா அவர போகச் சொன்னேன்? அந்தப் பாரத்த கிழிச்சிடு. அவரா வாங்கி, அவரா போனதா முடிஞ்சிரும். உனக்கும் நல்லது."

"நீங்கதானே சார் வாங்கினீங்க?"

"யாரு பார்த்தா?"

"நான் பாரத்துல எழுதியிருக்கேன் சார். வாங்கியவர், கொடுத்த தேதி, யாரிடம் கொடுத்தது. கட்டம் இருந்துச்சு, நிரப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பாரம்தான் என் முட்டாள்தனத்துக்குச் சாட்சி. அண்ணனை அனுப்பியவர்கள் இருந்தார்கள் என்பதற்கும் அதை விட்டால் வேறு சாட்சி இல்லை. குனோங் ராபாட்டில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை வாக்குமூலத்தோடு கொடுத்தேன், மற்றதை ஆறுமுகம் அண்ணனிடம் கொடுத்தேன்.

இப்போது

என் பாரத்தில் நான்கு கட்டங்களுக்கு மேலே இன்னொன்று சேர்த்திருக்கிறேன்: செய்யலாமா, அனுமதி தந்தது யார், அது எழுத்தில் எங்கே? அது காலியாக இருந்தால் கீழே ஒரு எழுத்தும் எழுதுவதில்லை. செய்யக்கூடாத வேலைக்குப் பாதுகாப்பு விதி எழுதினால், படிக்கிறவருக்கு அது அனுமதிக் கடிதம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவர் பிடிபட வேண்டியிருந்தது.

ஆறுமுகம் அண்ணன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலேயும் கேட்கிறார், "மிஸ், புல்வெட்டுற மெஷின தொடலாமா, இல்ல அதுவும் அமெரிக்காவா?" கேட்கட்டும். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேஸ் இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் வேலையில் இருக்கிறார், வீட்டிலும் இருக்கிறார், முடிவு வரும்வரை. நிர்வாகம் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. கிராஸ்போ அதிகாரிகளிடம் இருக்கிறது. பன்றிகள் கன்றுகளின் மூன்றாவது நிரைக்கு வந்துவிட்டன.