ஒன்பதாவது வாரத்தில் வந்த அம்மை

முதலில் விரல் மூட்டுகளில்தான் வலி தொடங்கியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், விரல்கள் மடங்கவில்லை. மாலையில் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் மணல் தூவியதுபோலச் சிவந்த தடிப்பு. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது.

எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, எழுபதுகளின் நடுப்பகுதி அது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் தொடக்கப்பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நாள் தள்ளிப் போயிருந்தது. என் கணவர் செல்வராஜுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். எனக்குத் தடிப்பு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு என் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு உடம்பெங்கும் தடிப்பு. வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்ஷன். தலைமையாசிரியர் ஆளனுப்பி அவர்களைத் திரும்ப வரவழைத்தார்.

அம்மை கண்ட பிள்ளையை வாயும் வயிறுமாக இருப்பவள் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூச்சத்தை விட்டு அவரிடம் சொன்னேன். "சார், நான் மாசமா இருக்கேன். நாளைக்கு ஒரு நாள் என்னைய அஞ்சாம் வகுப்புக்கு மாத்திவிடுங்க."

அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மணல்வாரி எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான் டீச்சர். பிள்ளைக எண்ணிக்கை கொறஞ்சா ஒரு போஸ்ட்டத் தூக்கிருவாக. இங்கன ஜூனியர் யாரு? நீங்கதான். வேலை வேணுமா வேணாமா?"

வேலை வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் பாண்டியம்மாள் என்கிற ஆறு வயதுப் பிள்ளை காய்ச்சலில் என் மடியிலேயே தூங்கிப்போனது. அதன் மூச்சு என் கழுத்தில் சுட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், தலைகளை எண்ணினார், போய்விட்டார்.

எனக்குத் தடிப்பு வந்ததும் மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். "ஆத்தா எறங்கியிருக்கா. ஆஸ்பத்திரி, ஊசின்னு எவளும் பேசப்படாது." மூன்று நாளில் தடிப்பு மறைந்தது. ஆனாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை என்னை வெளியே விடவில்லை. பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளின் விலை அப்போது எனக்குத் தெரியாது.

தண்ணீர் ஊற்றியபின் செல்வராஜோடு மதுரைக்குப் போய்ப் பார்த்த பெண் டாக்டர் என் காதுக்குப் பின்னால் தடவினார். விரல் மூட்டுகளை அழுத்தினார்.

"இது வழக்கமான மணல்வாரி மாதிரி தெரியலம்மா. ஜெர்மன் அம்மைன்னுதான் நெனக்கிறேன். தடிப்பு வந்தப்ப எத்தனை வாரம்?"

"ஒம்பது, டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். ஜெர்மன் அம்மை (பிள்ளைகளைப் பெரிதாகப் படுத்தாமல் இரண்டு மூன்று நாளில் போய்விடும் தடிப்புக் காய்ச்சல்) தாயை ஒன்றும் செய்யாது. முதல் மூன்று மாதத்தில் வந்தால் கருவின் கண், காது, இதயம் எதை வேண்டுமானாலும் தொடும் என்றார். "தொட்டிருக்கா இல்லையான்னு இப்பக் கண்டுபிடிக்க வழியில்ல. கலைக்கச் சட்டம் எடம் குடுக்குது. ஆனா பன்னெண்டு வாரத்துக்குள்ளன்னாத்தான் சுலபம், நாள் ரொம்ப இல்ல. இந்த வாரமே சொல்லணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டியதும் செல்வராஜ் என் பக்கம் திரும்பினார். பிறகு, "நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்," என்றார். அந்த நேரத்தில் அந்தப் பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்த நோய்க்கு நான் ஒருத்தி மட்டும் பதில் சொல்ல வேண்டுமா?

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்னொரு முறை உண்டாகாது என்கிற பயம், அவ்வளவுதான். இதே இடத்தில் நிற்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: கலைத்தவளும் தப்புச் செய்தவள் இல்லை, பெற்றவளும் தியாகி இல்லை.

பெண் பிறந்தாள். எடை குறைவு. கண் தெளிவு, இதயம் சரி என்றார்கள். கயல்விழி என்று பெயர் வைத்தோம்.

அவளுடைய எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம். செல்வராஜுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. பழுது பார்த்த ஆயில் இன்ஜினை வீட்டுக் கொல்லையில் ஓடவிட்டுப் பார்த்தார். சுவர் அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கிரீஸ் கையோடு தொட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ள அசையவே இல்ல ராஜாத்தி," என்றார்.

மாமியார், "வேலைக்குப் போற பொம்பளைக்கு வேறென்ன பெறக்கும்," என்றார். காது கேட்காது என்று மதுரையில் உறுதிசெய்ததும் தலைமையாசிரியரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "அதுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்றார். நான் அழவில்லை. அவர் மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துச் சன்னல் வழியே வீசிவிட்டு வந்தேன். அதை நினைத்து இன்றுவரை வருந்தியதில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் பிள்ளைகளுக்குத் தடிப்பு. அப்போது ராயப்பன்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சருக்கு இரண்டு மாதம். நான் வாசலில் நின்று தடிப்புக் கண்ட பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பினேன். "நீ வீட்டுக்குப் போ ஸ்டெல்லா. ஒன் வகுப்ப நான் பாத்துக்கிறேன்," என்றேன். எனக்கு வந்துபோன நோய், இனி என்னை ஒன்றும் செய்யாது.

"அவுக மெமோ குடுப்பாகளே அக்கா," என்று பயந்தாள்.

"எனக்குக் குடுக்கட்டும்."

தலைமையாசிரியர் கொடுத்தார். கீழ்ப்படியாமை என்று எழுதியிருந்தது. என் மகளின் காது கேட்காததற்கான மருத்துவச் சான்றைப் பதிலோடு சேர்த்து அனுப்பினேன். ஆண்டிபட்டிப் பக்கம் மாற்றல் போட்டார்கள். தண்டனைதான். ஆனால் அங்கிருந்து மதுரைக்கு பஸ் சுலபம். மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிற பள்ளி இருந்தது. அதற்காக யாருக்கும் நன்றி சொல்ல மாட்டேன். ஸ்டெல்லாவுக்கு நல்லபடியாகப் பையன் பிறந்தான். கேட்டுச் சந்தோஷப்பட்டேன், அன்று முழுவதும் சாப்பிட முடியவில்லை. இரண்டும் உண்மை.

மதுரைப் பள்ளியில் கயல்விழியின் உள்ளங்கையை என் தொண்டையில் வைக்கச் சொல்லி, "பேசுங்கம்மா," என்றார்கள். நான் "அம்மா" என்றேன். அவள் கை அதிர்வைப் பிடித்தது. பிறகு அதே கையைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனாள். அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வர ஒன்றேகால் வருடம் ஆயிற்று.

மற்றவர்கள் பிள்ளையின் வயதைச் சொல்கிறார்கள். நான் சொற்களைச் சொல்கிறேன்: இப்போது அவளுக்குப் பதினொரு சொற்கள். முன்பெல்லாம் குரல் என்பது வாயிலிருந்து வெளியே போவது என்று நினைத்திருந்தேன். இப்போது பேசும்போதெல்லாம் தொண்டையில் அதன் நடுக்கம் தெரிகிறது, யாரும் கை வைக்காதபோதும்.