தாளம் போடும் ஆள்

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலில் ஏறிய பஜனைக் கோஷ்டி, வண்டி நகர்வதற்குள் பாட ஆரம்பித்துவிடுகிறது. அலுவலகம் போகும் ஏழெட்டுப் பேர்; மடியில் சாப்பாட்டுப் பை. பத்து நாள் மௌன முகாம் முடித்துத் திரும்புகிற எனக்கு எரிச்சலாக வருகிறது. கிடைத்த அமைதி தாம்பரம் வரைக்கும்கூடத் தாங்காது போலிருக்கிறது.

என் பக்கத்தில் இருப்பவர் மட்டும் பாடவில்லை. சிப்ளாக்கட்டையால் தாளம் போடுகிறார். பாட்டு முடிந்ததும், "நீங்க பாட மாட்டீங்களா சார்?" என்று கேட்கிறேன்.

"எனக்கு சாமி நம்பிக்கையே கிடையாது சார்."

"அப்புறம் எதுக்கு இது?"

"தாளம் போட்டவர் ரிட்டயர் ஆயிட்டாரு. இவங்க ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போனாங்க. கேக்க சகிக்கலை, நானே எடுத்துக்கிட்டேன். நாலு வருஷமாச்சு. ஏன் கும்பிடலைன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஏன் வரலைன்னுதான் கேப்பாங்க."

அடுத்த பாட்டின் நடுவே அவருக்கு போன் வருகிறது. "கொஞ்சம் புடிங்க சார்" என்று கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போகிறார். நான் தட்டுகிறேன், தாளம் பிந்திவிடுகிறது. யாரும் முறைக்கவில்லை. எனக்கு ஏற்றபடி அத்தனை பேரும் மெதுவாகப் பாடுகிறார்கள். பத்து நாள் நான் பேசாமல் இருந்ததில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, ஒரு உபயோகமும் இல்லை. இப்போது என் கை நின்றால் பாட்டு கலைந்துவிடும்.

தாம்பரம் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டிய இடம். அவர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். நான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.