மிடில் ஸ்ட்ரெய்ட்டில் நின்றுபோன வேன்

மகள் வாங்கிய புதுக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆயில் அளக்கும் ஸ்டிக்கைக் காணோம். "அதெல்லாம் ஸ்கிரீன்லயே காட்டும்ப்பா," என்றாள். கையில் தயாராக வைத்திருந்த பழைய பனியன் துணிக்கு வேலையில்லை. அதில் ஊறியிருந்த ஆயில் வாசனைதான் என்னை அந்தமானின் பாராடாங் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது.

கல்யாணமான புதிதில் எனக்கு அங்கேதான் வேலை. பழைய வேன் ஒன்று இருந்தது. அதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் தீவிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு, சிரிக்காதீர்கள். ராமநாதபுரத்தில் மாமனாருக்கு ரொம்ப முடியவில்லை என்று போன் வந்தது. மறுநாள் மாலை போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பல். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவி சாந்தியையாவது கப்பலேற்றிவிடலாம் என்று காலையில் புறப்பட்டோம்.

வண்டிகளை ஏற்றும் படகில் அக்கரை போய், மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில், போலீஸ் காவலோடு வண்டிகள் சேர்ந்து போகும் கான்வாய் வரிசையில் சேரும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. இன்ஜினை அணைத்து ஸ்டிக்கை உருவினேன். மேல்கோடு வரை ஆயில்.

"பாத்தியா? லைட்லதான் கோளாறு."

"வண்டி சரிவுல நிக்குதேங்க. குடத்தைச் சாய்ச்சு வச்சுத் தண்ணிய அளப்பாங்களா?"

இருவருமாகச் சமதரைக்குத் தள்ளினோம். மேலே ஏறிய ஆயில் அடிக்கு இறங்கட்டும் என்று காத்திருந்தோம். ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவினேன். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை, நுனியில் ஒரு பொட்டு. வண்டிக்கடியில் மண் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு லாரிக்காரர் தன் ஆயில் கேனோடு வந்தார், குனிந்து பார்த்தார், கேனோடு அப்படியே திரும்பிப் போனார். ஊற்ற ஊற்ற ஒழுகத்தான் செய்யும்.

"அந்தர் ருக்னா மனா ஹை, பாய்," என்றார் போலீஸ்காரர். உள்ளே ஜாராவா பழங்குடி மக்களின் காடு. நடுவில் வண்டி நிற்கக் கூடாது. அவர் சொன்னது நியாயம்தான்.

வரிசையிலிருந்த பஸ்ஸில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடமிருந்தது. சாந்தி பையோடு ஏறினாள். கூட்டத்துக்குள்ளிருந்து, "டைமுக்குச் சாப்பிடுங்க," என்று குரல் மட்டும் வந்தது. கேட் திறந்தது.

கப்பலைப் பிடித்துவிட்டாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்குப் போன்: மாமா போய்விட்டார். அவள் நடுக்கடலில் இருந்தாள். சொல்ல வழியில்லை, சொன்னாலும்தான் என்ன செய்வாள்? ஊரிலும் காத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்க்கொண்டிருப்பாள். நான் ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

சென்னையில் இறங்கியதும் டெலிபோன் பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"வண்டி சரியாயிடுச்சாங்க?"

"ம்," என்றேன். ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவளே, "அப்பாவா?" என்றாள்.

இப்போது எல்லோரும் பிளேனில் போகிறார்கள். அந்த பூத்துகளும் போய்விட்டன. துக்கச் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கும் போய்ச் சேர்கிறது. கப்பல் கரை தொடும்வரை ஒரு மகளுக்கு அப்பா உயிரோடிருந்த அந்த மாதிரி நாட்கள் இனி யாருக்கும் இல்லை.