பச்சை ஏற்றம், சிவப்பு இறக்கம்

கணக்குப் பரீட்சையில் கிராஃப் போடச் சொல்லி ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதற்கான தாளைக் கேட்டு வாங்கக் கூடக் கையைத் தூக்காமல் எழுந்து வந்த ஆள் நான். கட்டம் போட்ட தாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. கதைப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணி மறந்து கிடப்பேன். இப்படிப்பட்டவளுக்குக் கோடு இழுத்தே சம்பளம் வாங்கிய மனிதர் கணவராக வாய்த்தார்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு புரோக்கர் ஆபீசில் அவருக்கு வேலை. மிளகு காலையில் என்ன விலைக்குத் தொடங்கியது, சாயங்காலம் எங்கே போய் நின்றது என்று ஆபீஸ் சுவரில் தொங்கும் பெரிய தாளில் தினமும் கோடு போடுவார். விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. ஏறின நாளில் ஆபீசே சிரிக்கும், இறங்கின நாளில் முதலாளி எல்லாரையும் கடித்துக் குதறுவார். அதே கோட்டை வீட்டிலும் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு தடவை போட்டுவைப்பது அவர் வழக்கம். ஏன் என்று கேட்டால், "இத ஒண்ணு பார்த்துட்டுக் கெடந்தாத்தான் நாளைக்கு எங்க போகும்னு தோணும்" என்பார்.

அவர் வாயை நம்பக் கூடாது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டேன். பொய்யர் என்று சொல்லவில்லை. எனக்கு வருத்தம் வரக் கூடாது என்று எதையும் பூசி மெழுகிவிடுவார். மிளகு அதலபாதாளத்துக்குப் போன அன்றும், "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்று சிரித்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். காலண்டர் தாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சிவப்பு இழுத்திருந்தால், அன்று ஆபீசில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நான் ஒன்றும் கேட்காமல் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சட்னி அரைத்து வைப்பேன். சாப்பிட்டு அவர் ஏப்பம் விடும்போது நிஜமாகவே எல்லாம் நல்லபடியாக ஆகியிருக்கும். என் வாழ்நாளில் நான் படிக்கக் கற்றுக்கொண்ட கிராஃப் அது ஒன்றுதான். பச்சை என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் கப்பை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு காலண்டர் தாள்களுக்கும் ஓய்வு கிடைத்தது. சில வருடங்களில் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கஞ்சியில் ஊறியது மாதிரி இருந்தது. அவர் எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். மனிதர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கதையில் திருடன் மதில் ஏறிக் குதிப்பதற்குள் நான் தூங்கிப்போவேன். ஆனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அந்தக் குரலைக் கேட்கும்போது அவர்மேல் பாசம் பொங்கும், கூடவே எப்போது நாமே படிப்போம் என்று ஆத்திரமும் வரும்.

எர்ணாகுளத்தில் கண் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சுகர் கொறயட்டே அம்மே, பின்னே ஆபரேஷன் நோக்காம்." சர்க்கரை குறைந்தால்தான் கத்தியை எடுப்பாராம். தினமும் காலையில் அளவு பார்த்து, ஒரு கிராஃபாகப் போட்டு, ஓணம் கழிந்ததும் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அந்தப் பரீட்சைத் தாள் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவரோ, பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் பெரிய சார்ட் தாள் ஏறியது. "எடியே, உன் கண்ணுக்குத் தெரியணும்னு நல்ல தடி பேனாவா வாங்கியிருக்கேன், கேட்டியா" என்றார். காலையில் எழுந்ததும் விரலில் ஒரு குத்து. சுகர் மிஷின் கீச்சென்று கத்தும். அதைப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்கு" என்பார். பிறகு சுவரருகே போய்க் கோடு இழுப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. நிறம் மட்டும் கறையாகத் தெரியும். சிவப்பு.

அடுத்த நாளும் "கொறஞ்சிருக்கு" என்றார். அதற்கும் சிவப்பு. எப்போதாவது ஒரு பச்சைத் துணுக்கு வரும், மறுபடி சிவப்பு. கிட்டப் போய்ப் பார்க்க எனக்குப் பயம். பழைய ஆள் பழையபடி பூசி மெழுகுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். சோற்றைக் குறைத்து, சாயாவில் சர்க்கரையை நிறுத்தி, பாகற்காய்ச் சாற்றைக் குடித்தும் இறங்கவில்லையே. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சிரிப்பு வாடிவிடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒருநாள் அலமாரியிலிருந்த புத்தகங்களை இறக்கிக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தேன். தெருமுனை வாசகசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்று.

"எதுக்கு இதெல்லாம் கெட்டுறே? ஆபரேஷன் கழிஞ்சா உனக்கு வாசிக்கண்டாமா?" என்றார் அவர்.

"தூசி தட்டத்தான்" என்றேன். நானும் பூசி மெழுகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஒரு காலையில் அவர் ஆலுவாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார், ராத்திரிதான் திரும்புவார். எப்படியும் சர்க்கரை குறையப்போவதில்லை, அப்புறம் நாக்கை மட்டும் எதற்குக் கட்டிப்போட வேண்டும்? சாயாக்கடைச் சேட்டனிடம் பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வந்தேன். ஒன்றோடு நிறுத்தினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மறுநாள் காலை மிஷின் கத்தியது. அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். சுவரருகே போனார். பார்த்தால் பச்சை! நீளமான, கொழுகொழுவென்ற பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேந்திரம்பழத்துக்கு ஏதோ மருந்துக்குணம் இருக்கிறது போலிருக்கிறது என்று, அவர் குளிக்கப் போன நேரத்தில் இன்னும் ரெண்டு வரவழைத்துத் தின்றேன். அதற்கடுத்த நாள் இன்னொரு பச்சை.

என்னால் அடக்க முடியவில்லை. "நான் ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கேன்" என்றேன். "பழம்பொரி. அதத் தின்னத் தொடங்கின பின்னேதான் சுகர் எறங்குது, பாருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பழம்பொரியா? அதான் ரெண்டு நாளா இப்படி ஏறிக்கெடக்கா?"

"ஏறியிருக்கா? பச்சை போட்டிருக்கீங்களே!"

"ஏறினா பச்சை, எறங்கினா சிவப்பு. எத்தன காலமா போடறேன், உனக்கு அறியாதா?"

"அறியும். பச்சைன்னா நல்லது."

"மிளகுக்குடீ!"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு என்னைச் சுவரருகே கூட்டிப் போய், என் விரலைப் பிடித்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தார். அது என் நெற்றி உயரத்தில் இருந்தது. அங்கிருந்து நகர்த்தினார். சின்னதாக ஏறும், பெரிதாக இறங்கும். தோள், மார்பு என்று விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட இடுப்புக்கு வந்த பிறகு சட்டென்று மேலே துள்ளியது. "இந்தக் கொம்புதான் உன் பழம்பொரி" என்றார். "நான் தெனமும் கொறஞ்சிருக்குன்னு சொன்னேனே, விசுவாசம் வரலையா?"

"உங்க வாயை யாரு நம்புவா?" என்றேன். சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. இவ்வளவு நாளும் மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டேன்.

ஓணம் கழிந்து தாளைச் சுருட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா அதை விரித்து, கடைசிக்குச் சற்று முன்னால் இருந்த கொம்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். நான் என் பையைத் துழாவ ஆரம்பித்தேன். இவரோ, "மார்க்கெட் ஒண்ணு மேலே சாடிச்சு டாக்டரே, பின்னே சரியாயிடுச்சு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

வீட்டுக்கு வந்து, கண்ணை மூடியிருந்த மறைப்பை எடுத்த காலை, புத்தகத்தைத் தொடவில்லை. மறுபடி சுவரில் ஏறியிருந்த அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தேன். சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக இருந்தது. கோடு மட்டும் கோடாக இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, பல்லுப் பல்லாக நடுங்கியிருந்தது. முதல் நாட்களில் கொஞ்சம், போகப் போக அதிகம். மிளகுக் காலத்தில் நூல் பிடித்தது போல் கோடு இழுத்த கை அது. தடிப் பேனா எனக்காக மட்டும் வாங்கியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"பழைய ஸ்கேல். வளஞ்சு போச்சு" என்றார், நான் கேட்காமலே. வலது கை மேசைக்கு அடியில் இருந்தது.

ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்த சார்ட் தாளைக் கொண்டுவந்து பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தினமும் காலையில் ஒரு கோடு போடுங்கள், ஒரு மாதம் கழிந்து டாக்டரிடம் காட்டலாம் என்றேன். இந்தத் தடவை வம்பே வேண்டாம் என்று, முதலில் மூலையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பச்சை, கை நன்றாக இருக்கிறது. சிவப்பு, சரியில்லை.

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்ததும் வழக்கமான சிரிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"சிவப்பு தா" என்றார்.

பேனாவைக் கொடுத்துவிட்டு, நான் கப்பை வேகவைக்க எழுந்தேன்.